மூன்று வருடத்தில் முடிப்பதாக இருந்தது

என் மனைவி மார்னா எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் நூலகராக இருந்தாள். அவள் இறந்துபோன வருடத்தின் மே மாதத்தில், அந்த நூலகத்தில் நடந்த ஒரு தேர்வில் போய் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் காலைப்பொழுதுதான் ஆரம்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம். சாவு வந்த வீட்டில் மனது ஏதாவது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு இங்கேதான், இங்கேதான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான் இரும்புச் சுரங்கத்தில் பாறை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடக்கில் எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப்பேருக்கு அதுதான் வேலை. எங்களுக்கு ஒரே மகள், கிர்ஸ்டன். அவள் பள்ளியின் கடைசி வருடம் தொடங்கியபோதுதான் மார்னாவின் நுரையீரலில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். டுலூத் ஆஸ்பத்திரியில் டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. நாலு வருடம் கிடைத்தால் நல்ல அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

திரும்பி வரும் வழியில் கிர்ஸ்டன் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். காடு தொடங்குகிற இடம் வந்ததும் சட்டென்று சொன்னாள்.

"பள்ளிக்கூடம் இந்த வருஷத்தோட முடியுது. அடுத்த மூணு வருஷத்துல நான் காலேஜ முடிச்சுடுவேன்."

"காலேஜ் நாலு வருஷம்டி," என்றாள் மார்னா.

"ஏ.பி. எல்லாத்துலயும் பாஸ் பண்ணா ஒரு வருஷம் கழிஞ்சுடும்மா. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நீ முதல் வரிசையில உக்காந்து பாக்கணும்."

"பாக்கறேன். தொப்பி கோணலா இருந்துச்சுன்னா அங்கேருந்தே கத்துவேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னத இவ கேரண்டி கார்டு மாதிரி பிடிச்சுக்கிட்டா பாரு," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஏ.பி. என்பது கல்லூரியின் முதல் வருடப் பாடத்தைப் பள்ளியிலேயே படிக்கிற வகுப்பு. மே மாதத்தில் நாடு முழுவதற்கும் பொதுவாகத் தேர்வு வைப்பார்கள். ஐந்துக்கு நாலோ ஐந்தோ வாங்கிவிட்டால், கல்லூரி அதைத் தன்னிடம் படித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு கிரெடிட் கொடுத்துவிடும். மற்ற வீடுகளில் கட்டணம் குறையும் என்பதற்காகப் பிள்ளைகளை இதில் சேர்த்தார்கள். எங்கள் பள்ளி சின்னது. இந்த வகுப்புகள் அங்கே அதிகம் இல்லை. உயிரியல் வகுப்பு வந்ததே மார்னா பள்ளிக் குழுவின் கூட்டம் தவறாமல் போய் நச்சரித்ததால்தான். கிர்ஸ்டன் பள்ளியில் இருந்தவற்றையெல்லாம் எடுத்தாள். இல்லாதவற்றை இணையத்தில் எடுத்தாள். எல்லாவற்றிலும் கனமானது உயிரியல். அதில் மட்டும் எட்டு கிரெடிட். அது இல்லாவிட்டால் மூன்று வருடக் கணக்கு நிற்காது.

சுரங்கத்தில் என்னோடு லாரி ஓட்டும் டுவேன் கேலி செய்வான்.

"உன் பொண்ணு காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடியே காலேஜ முடிச்சுட்டு வந்துடுவா போலிருக்கே, லைல்."

"உன் பையனும் அதே வகுப்புலதானே இருக்கான்?"

"ட்ராவிஸா? அவன் ஹாக்கி மட்டையோட வகுப்புக்குப் போறான். எதுக்குப் போறான்னு அவனுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது."

அந்தக் குளிர்காலம் முழுவதும் கிர்ஸ்டனின் அறைக் கதவு மூடியே இருந்தது. கிறிஸ்துமசுக்குப் பிறகு மார்னா வேலைக்குப் போவதை நிறுத்தினாள். கூடத்தில் அவளுடைய நாற்காலியை நடைவழியைப் பார்த்தாற்போலத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். டீவி அவளுக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கழுத்து வலிக்காதா என்று கேட்டேன். வலிக்காது என்றாள்.

தொடக்கத்தில் பாடத்தை ஒப்பிக்க வைக்கும் வேலை மார்னாவுடையது. சின்னச் சின்ன அட்டைகளில் கிர்ஸ்டன் கேள்வி எழுதி வைத்திருப்பாள். மார்னா ஒவ்வொன்றாகப் படிப்பாள், இவள் பதில் சொல்வாள். தப்பாகச் சொன்னால் மார்னா மூக்கைச் சுளிப்பாள். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் நடுவே அந்த அட்டைகளும் வெண்ணெய்க் கிண்ணமும் கிடக்கும். பிப்ரவரியில் மார்னாவுக்கு நாலு வார்த்தை சேர்த்துப் படித்தால் மூச்சு வாங்கத் தொடங்கியது. கிர்ஸ்டன் அட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "அம்மாவுக்குக் கஷ்டமா இருக்குப்பா. ஃபோன்லயே கேள்வி கேக்கற மாதிரி ஒண்ணு இருக்கு," என்றாள். அம்மாமேல் இருந்த கரிசனத்தால்தான் அப்படிச் செய்தாள். மார்னா மறுப்புச் சொல்லவில்லை.

"டீவியில பழைய படம் ஒண்ணு போடறான். வாயேன், சேந்து பாக்கலாம்," என்று கூப்பிடுவாள்.

"நாளைக்கு சாப்டர் டெஸ்ட்மா."

"சரி, போ."

கொஞ்ச நாளில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

மே மாதம் எங்கள் ஊரில் பனி பெய்தால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். உயிரியல் தேர்வன்று ஈரப் பனி கொட்டியது. கிர்ஸ்டன் முன்பே கிளம்பிப் போயிருந்தாள். எனக்கு மாலை ஷிப்ட். மார்னா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடு. லைப்ரரியில என் செடி ஒண்ணு இருக்கு. தண்ணி இல்லாம செத்துடும்."

"இந்தப் பனியிலயா?"

"செடிக்கு அது தெரியாதே."

அழைத்துக்கொண்டு போனேன். உடற்பயிற்சிக் கூடத்துத் தரைக்கு மெருகு பூசியிருந்ததால் தேர்வை நூலகத்தில் வைத்திருந்தார்கள். வேதியியல் ஆசிரியர் கார்ல் டோலெஃப்சன்தான் கண்காணிப்பு. நாங்கள் போனபோது வாசலில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் துணையாக வரவேண்டிய அம்மாளின் கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். இரண்டு பெரியவர்கள் இல்லாமல் தேர்வைத் தொடங்கக் கூடாது. உள்ளே எட்டுப் பிள்ளைகள் பென்சிலைக் கூர்சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். செல்போன்களெல்லாம் வாசலில் ஒரு கூடையில் கிடந்தன.

"நான் உக்காந்துக்கறேன், கார்ல்," என்றாள் மார்னா.

"உன் பொண்ணு எழுதறாளே மார்னா. சொந்தக்காரங்க இருக்கக் கூடாதும்பாங்க."

"இந்த ஊர்ல யாருக்கு யார் சொந்தமில்ல? ட்ராவிஸோட அம்மாவுக்கு நீ ஒண்ணுவிட்ட அண்ணன். உன்னை வெளிய போகச் சொன்னாங்களா?"

கார்ல் சிரித்துவிட்டார். ஒரு நிமிடம் தாடையைத் தடவினார். பிறகு அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்த நிலைமையில் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் திறந்துதான் விட்டிருப்பார்கள். மார்னாவை வெளியே நிற்கச் சொல்ல ஒருவருக்கும் மனது வந்திருக்காது. அதுவும் அவளுடைய நூலகத்தில்.

நான் நடைவழியில் இருந்து கதவின் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மார்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் தன் பழைய மேசையில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. எதிர்ப்புறம் கிர்ஸ்டன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையை நெற்றியில் வைத்து, வெயிலுக்கு மறைப்பது போலக் கண்ணுக்கு மேல் பிடித்திருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து ஜன்னல்கள் தெரியவில்லை. வெளியே கிடந்த பனியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

தேர்வு முடிந்து மார்னா வந்து ஏறினாள். முகத்தில் களை வந்திருந்தது. பல மாதங்களாக நான் பார்க்காத முகம்.

"யோசிக்கும்போது இன்னும் கன்னத்த உள்பக்கமா கடிக்கறா, லைல். நாலு வயசுல ஷூ லேஸ் கட்டக் கத்துக்கிட்டப்ப கடிப்பாளே, அதே மாதிரி. ஒரு பக்கம் எழுதி முடிச்சா தோள இப்படிக் குலுக்கிக்கறா. அது புதுசு. நான் பாத்ததே இல்ல."

"செடி எங்க?"

அவள் மடியைப் பார்த்தாள். "அட, மறந்துட்டேன்," என்றாள்.

ஜூன் கடைசியில் கார்ல் டோலெஃப்சன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறையில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தேர்வு முடிந்ததும் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் கண்காணித்தார்கள் என்று தேர்வு நடத்தும் அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவர் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பியிருக்கிறார். மார்னா கோசிர் என்ற பெயரையும் கிர்ஸ்டன் கோசிர் என்ற பெயரையும் அங்கே யாரோ சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். அந்த அறையில் எழுதிய எட்டுப் பேரின் தேர்வும் செல்லாது. வேண்டுமானால் ஆகஸ்டில் டுலூத் போய் மறுபடி எழுதலாம்.

"நான் வேற பேரை எழுதியிருக்கலாம்," என்றார் கார்ல். "அந்த நினைப்பே எனக்கு வரல."

"வந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்ட," என்றாள் மார்னா.

கிர்ஸ்டன் பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நீ எதுக்கும்மா உள்ள வந்த?"

மார்னா மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "கார்லுக்குத் துணைக்கு ஆள் இல்ல."

"அதுக்கு நீதானா?"

கிர்ஸ்டன் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். கதவு மூடும் சத்தம் கேட்டது.

ஊரில் ஒருவரும் எங்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. டுவேனின் மனைவி வழக்கம்போல உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட தட்டை அலுமினியத் தாளால் மூடிக் கொண்டுவந்து வைத்தாள். டுவேன் மட்டும் சுரங்கத்தில் என்னிடம் சொன்னான்.

"ட்ராவிஸ் வாழ்க்கையில மொதல் தடவையா ஒரு பரீட்ச நல்லா எழுதினேன்னு சொன்னான். மறுபடி எழுதுடான்னா மாட்டேங்கறான். எங்களுக்குக் கோபம்தான், லைல். ஆனா மார்னாமேல எப்படிக் கோபப்படறது, சொல்லு. அதனால நாய வையறேன்."

"நாய் என்ன சொல்லுது?"

"அது மட்டும்தான் எங்க வீட்டுல இப்ப என்கிட்ட பேசுது."

எட்டுப் பேரில் ஆகஸ்டில் மறுபடி எழுதத் துணிந்தது கிர்ஸ்டனும் இன்னொரு பெண்ணும் மட்டும்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மார்னாவின் அண்ணனுடைய ஏரிக்கரை வீட்டுக்கு நாங்கள் மூவரும் போய் ஒரு வாரம் இருப்போம். மறுதேர்வு சரியாக அந்த வாரத்தில் வந்தது. அடுத்த வருடம் வருகிறேன் என்றாள் கிர்ஸ்டன். அப்படிச் சொன்னபோது எங்களில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குள் மார்னா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தாள். மூன்று வருடம் என்பது மெல்ல மெல்ல வேறு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரிந்திருந்தது. கிர்ஸ்டனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியத் தெரிய அவள் இன்னும் வேகமாகப் படித்தாள்.

படகுத் துறையின் பலகையில் மார்னாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சாயங்காலம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"செடி எதுவும் இல்ல, லைல். டிசம்பர்லயே அத வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். சமையல்கட்டு ஜன்னல்ல இருக்கே, அதுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"தினம் நான்தானே அதுக்குத் தண்ணி ஊத்தறேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். "அப்புறம் ஏன் கூட்டிட்டுப் போன?"

"நீ கேட்ட."

அவள் மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு அவளக் கொஞ்ச நேரம் பாக்கணும்னு இருந்தது," என்றாள். "லைப்ரரி வாசல்லேருந்தே ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்னுதான் நெனச்சேன். கார்ல் ஆள் இல்லன்னு நின்னுக்கிட்டு இருந்தான். விட முடியல."

"வீட்டுலதான் பாக்கறியே."

"வீட்டுல கதவத்தான் பாக்கறேன்."

அவள் தோளில் நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

"அங்க அவளால எழுந்து போக முடியாது. பேப்பர முடிக்கற வரைக்கும் உக்காந்துதான் ஆகணும். அவ்வளவு நேரம் அவ என் முன்னாடி இருந்து எத்தன நாளாச்சு தெரியுமா?" மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவகிட்ட இதச் சொல்லாத. எனக்காக ஓடறா. ஓடட்டும். நின்னா அழ ஆரம்பிச்சுடுவா."

செப்டம்பரில் கிர்ஸ்டன் டுலூத்தில் கல்லூரி விடுதிக்குப் போனாள். மறுதேர்வின் முடிவு அங்கே இருந்தபோது வந்தது. போனில் கூப்பிட்டுச் சொன்னாள். மார்னா போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அஞ்சா? அஞ்சுக்கு அஞ்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வைத்த பிறகு, "இன்னும் மூணு வருஷம்தான்," என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

நவம்பரில், ஊரே மான் வேட்டைக்குக் காட்டுக்குள் போயிருந்த வாரத்தில், மார்னா டுலூத் ஆஸ்பத்திரியில் இறந்தாள். கிர்ஸ்டனின் விடுதி அங்கிருந்து பக்கம்தான். வழக்கத்தைவிட ஒரு பாடம் அதிகமாக எடுத்திருந்ததால் வகுப்புகளுக்கு இடையே ஓடி ஓடி வந்துபோனாள். கடைசி இரண்டு நாள் மட்டும் எங்கும் போகவில்லை. படுக்கையோடு ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மார்னா கண் திறப்பதை நிறுத்தியிருந்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்தார்கள். கார்ல் டோலெஃப்சன் வந்து கிர்ஸ்டனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் படிம்மா," என்றார். அவள், "படிச்சுட்டேன் சார்," என்றாள்.

பனி உருகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்டனைப் பார்க்க டுலூத்துக்குப் போனேன். வழியில் அவளுக்குப் பிடித்த, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரம் இரண்டு வாங்கிக்கொண்டேன். ஏரிக்கரையில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பெரிய ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. அவள் மடியில் இருந்த பையின் வாயில் ஒரு தடித்த புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உயிரியல், முதல் வருடம்.

"இத நீ முடிச்சுட்டியே," என்றேன்.

"கிரெடிட்டையெல்லாம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்பா."

"எட்டையுமா?"

"எல்லாப் பாடத்தையும்தான். காலேஜ் ஆபீஸ்ல இருந்தவங்க ரெண்டு தடவ கேட்டாங்க. யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். மூணு வருஷத்துல முடிச்சுடலாமே, மிஞ்சுற வருஷத்துல என்னென்னவோ பண்ணலாமேன்னாங்க. என்ன பண்ணலாம்னு கேட்டேன். அவங்களுக்கும் தெரியல."

"அம்மா சந்தோஷப்பட்டிருப்பா, நீ சீக்கிரம் முடிச்சா."

அவள் பணியாரத்தின் ஓரத்தைப் பிய்த்துத் தாளில் வைத்தாள். சாப்பிடவில்லை.

"அம்மா அன்னிக்கு எதுக்கு உள்ள வந்தா, உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லாதே என்று மார்னா கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. "கார்லுக்கு ஆள் இல்லன்னு," என்றேன்.

"என்னைப் பாக்கத்தான்பா வந்தா. உக்காந்ததுலேருந்து பாத்துட்டே இருந்தா. எனக்குக் கவனம் சிதறிச்சு. ஒரு கேள்விய மறுபடி மறுபடி படிக்கறேன், மண்டையில ஏறல. கைய இப்படி நெத்தியில வெச்சு மறைச்சுக்கிட்டேன்." வைத்துக் காட்டினாள். கண்ணாடி வழியாக நான் பார்த்த அதே கை. "மணி அடிக்கற வரைக்கும் எடுக்கல."

"பனி வெளிச்சம் கண்ணுல அடிச்சிருக்கும்மா. அதுக்காகத்தான் மறைச்சிருப்ப. அம்மாவும் அப்படித்தான் நெனச்சிருப்பா."

"திரையெல்லாம் இறக்கி விட்டிருந்ததுப்பா," என்றாள் கிர்ஸ்டன். "அம்மா லைப்ரரி. அவளுக்குத் தெரியாதா?"

படகுத் துறையில் மார்னா பேசியதையெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். கன்னத்தைச் சொன்னாள், தோளைச் சொன்னாள். அந்தக் கையைப் பற்றி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

கிர்ஸ்டன் நான்கு வருடம் முழுதாகப் படித்துத்தான் முடித்தாள். அவசரப்படவில்லை, சந்தோஷமாக இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. பட்டமளிப்பு அன்று முதல் வரிசையிலேயே எனக்கு இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் என் கோட்டை வைத்திருந்தேன். யாரோ ஒருவர் வந்து இங்கே ஆள் வருகிறார்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறி வந்தாள். தொப்பி ஒரு பக்கம் நன்றாகவே சரிந்திருந்தது. எனக்குக் கத்த வரவில்லை.